இன்னும் கொஞ்சம் அடி, வெயிலே!

சித்திரை வெயிலைத் திட்டுகிறவர்களோடு எனக்கு இனிமேல் பேச்சே கிடையாது. மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன், கவனியுங்கள்! பங்குனி பிறந்தாலே தார் ரோடு இளக ஆரம்பித்துவிடும், மதியம் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, குழாயைத் திறந்தால் அடுப்பில்லாமலே வெந்நீர் கொட்டும், ஊரே முந்தானையாலும் துண்டாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு "என்னா வெயிலுடா சாமி" என்று புலம்பித் திரியும். நான் மட்டும் தெருவில் சிரித்த முகமாகப் போய்க்கொண்டிருப்பேன். அந்த வெயில் என் மாடியில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்! என் குண்டுமல்லி மொக்கு விட்டிருக்கிறது. வெயில் ஏற ஏற மொக்கு திரள்கிறது, மொக்கு திரளத் திரள எனக்குத் தலைகால் புரியவில்லை.

பனி உருகி, புல் துளிர்த்து, மலைச்சரிவெல்லாம் பூத்துக் கிடக்கிற வசந்தத்தைப் படங்களில் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் வசந்தம் வெயிலுக்குள்ளே அல்லவா இருக்கிறது! மாசிக் கடைசியில் வேம்பு பழுத்த இலையைக் கொட்டிவிட்டுச் செம்பழுப்பாகத் தளிர் விடும், பங்குனியில் அதன் பூ வாசலெல்லாம் பொரிந்து கிடக்கும், சித்திரையில் சரக்கொன்றை மரமே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கும். இதெல்லாம் தெருவுக்குச் சொந்தம். தளம் போட்ட வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் கிடைத்த இடத்தில், எனக்கே எனக்கென்று ஒரு வசந்தம் வேண்டுமானால் அதைத் தருவது குண்டுமல்லிதான். வேறு எத்தனையோ பூ வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் பற்றிச் சொல்லத்தான் போகிறேன், இருந்தாலும் முதல் மரியாதை அவளுக்குத்தான்.

இப்போது நான் சொல்வதை அப்படியே மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். மாலை ஐந்தரை மணி. மாடிக் கதவைத் திறக்கிறீர்கள். தளத்திலிருந்து அனல் இன்னும் முகத்தில் அடிக்கிறது. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் வீசுகிறீர்கள், சுர்ரென்று சத்தம், ஆவி, சுட்ட சிமெண்டு வாடை, அதற்குப் பின்னால் மெதுவாகத் தொட்டிகளிலிருந்து ஈர மண் வாசம். செடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்காருகிறீர்கள். காலையில் பச்சை கலந்த வெள்ளையாக இறுகிக் கிடந்த மொக்குகள் இப்போது பால் வெள்ளையாகத் திரண்டு நிற்கின்றன. ஒன்றை விரலால் தொடுங்கள். சுற்றிலும் எல்லாம் கொதிக்கிற நேரத்தில் அது மட்டும் சில்லென்று இருக்கிறது! மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். வாசம் வராது. பதறாதீர்கள். மூடின மொக்கு தன் வாசத்தை வெளியே விடாது, விரிகிறபோதுதான் விடும். அதுவும் அந்துப்பூச்சி கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் விரியும். இருட்டில் தெரிவதற்கு வெள்ளை நிறம், வழி காட்ட வாசம் என்று பூச்சிக்காக ஏற்பாடு செய்து வைத்திருக்கிற விருந்தில் நாமும் நைசாகப் போய் உட்கார்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

ஆறு மணி தாண்டுகிறது. ஒரு மொக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அது அசைகிற மாதிரி தெரியவில்லை, சரி என்று பக்கத்துக் கிளைக்குக் கண்ணைத் திருப்பினால் அங்கே ஒன்று ஏற்கெனவே வாயைத் திறந்துவிட்டது, அடடா என்று இங்கே திரும்பினால் இவளும் ஓர் இதழைப் பிரித்துவிட்டாள், அந்தப் பக்கம் இரண்டு, கீழ்க்கிளையில் நாலு, எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாமல் முக்காலியை விட்டு எழுந்து செடியைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், அப்போது வருகிறது ஐயா அந்த வாசம்! கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. சந்நிதியில் திரை விலகினதும் குப்பென்று ஒன்று வந்து நெஞ்சை நிறைக்குமே, அப்படி வருகிறது! முதல் தடவை அது வந்தபோது நான் கத்தியே விட்டேன். "ஏய், எல்லாரும் மேல வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் என்னவோ ஏதோ என்று வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவர, மகள் படித்த புத்தகத்தோடு ஓடிவர, மூட்டு வலியோடு அம்மா படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறிவர, பக்கத்து மாடியில் வற்றல் எடுத்துக்கொண்டிருந்த அக்கா சுவரோரம் வந்து எட்டிப் பார்க்க, எல்லாரும் அந்தச் செடியைச் சுற்றி நின்றோம். யாருக்கும் கீழே இறங்க மனசில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாடே மாடியில்தான். எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்தச் செடி வந்த கதையைக் கேளுங்கள். நர்சரியில் போய் நின்றபோது அங்கிருந்த அண்ணன் வரிசையாக இருந்த கன்றுகளில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "சார், இது தங்கச்சிமடத்துக் கன்னு. வெயிலுக்குன்னே பொறந்தது. நெழல்ல வச்சீங்கன்னா எலையாத்தான் வரும், பூ வராது, சொல்லிப்புட்டேன்" என்றார். தங்கச்சிமடம்! ராமேஸ்வரம் போகிற வழியில், கடலுக்கு நடுவே, மணலில் இருக்கிற ஊர். அங்கே மணற்பாங்கான பூமியில் மல்லிகைக் குச்சிகளை நட்டு வேர் பிடிக்க வைத்துத்தான் தமிழ்நாடு முழுக்க, அதையும் தாண்டி வெளி மாநிலங்களுக்கும் நாற்று அனுப்புகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மதுரை மல்லி இருக்கிறதே, உலகமே கொண்டாடுகிற மல்லி, அதன் தோட்டங்களில் எத்தனையோ செடிகள் அந்தத் தீவு மணலில் வேர் விட்டவைதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். கடல் காற்றில் முளைத்து, பஸ் ஏறி, என் மாடிக்கு வந்து சேர்ந்தவள்! அன்றைக்கே பெரிய குரோ பேக் வாங்கி, செம்மண்ணும் மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து, அடியில் தண்ணீர் நிற்காமல் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழுகிற மூலையில் கொண்டுபோய் வைத்தேன். ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும் என்பார்கள். மதுரையில் அதற்கா பஞ்சம்!

ஆனால் மொக்கைப் பார்க்கிறவரைக்கும் ஒரு பெரிய பரீட்சை இருக்கிறது. கவாத்து. கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த சமயம், செடி பச்சைப்பசேலென்று கொழுகொழுவென்று நிற்கும்போது அதைப் பாதிக்கு மேல் வெட்டிவிட வேண்டும். கத்தரியை வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து அம்மா சொன்னார்: "ஏய்யா, என்னத்துக்கு இப்புடி யோசிக்கிற? வெட்டுய்யா. வெட்டுன எடத்துலதான் அது பூக்கும்." பூந்தோட்டம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவர், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வெட்டினேன். மிச்சமிருந்த இலையையும் கிள்ளிப் போட்டேன். அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று பாருங்கள்! குண்டுமல்லி பழைய குச்சியில் பூப்பதில்லை, புதிதாக விடுகிற இளங்கிளையின் நுனியில்தான் மொக்கு வைக்கும். ஆகவே எத்தனை புதுக்கிளையோ அத்தனை கொத்து. தோட்டக்காரர்கள் கவாத்துக்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துச் செடியைக் கொஞ்சம் வாட விடுவதும், வெட்டின பிறகு எருவும் தண்ணீரும் தாராளமாகக் கொடுப்பதும் இதற்குத்தான். தூங்க வைத்து எழுப்புகிறார்கள்!

மார்கழி முழுக்க அங்கே வெறும் குச்சிதான் நிற்கும். அந்த மாதத்தில் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலையைக் கேட்டீர்களா? மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும், பூக்காரம்மா முழம் போடும்போதே கை சுருங்கும். அதே மாதத்தில் என் செடி குச்சியாக நிற்கும், நானோ தினமும் காலையில் காபி டம்ளரோடு போய் அந்தக் குச்சியிடம் பேசிக்கொண்டிருப்பேன். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், கணுவில் ஒரு பச்சைப் புள்ளி! அவ்வளவுதான், அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. ஒரு கணுவில் வந்தால் எல்லாக் கணுவிலும் வரும், தளிர் நீண்டு இலை விரியும், மாசியில் புதர் பழையபடி நிரம்பும், அப்புறம் ஒரு காலையில் இளங்கிளை நுனியில் பச்சையாகக் கடுகளவு ஏதோ தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். மொக்கு! மூன்று மூன்றாக வைக்கும் இவள், நடுவில் ஒன்று, இருபக்கமும் ஒவ்வொன்று. நடுவில் இருப்பவள்தான் முதலில் திரண்டு முதலில் விரிவாள், மற்ற இருவரும் அப்புறம்தான். அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவே இல்லை.

இவ்வளவு சந்தோஷம் சும்மா கிடைத்துவிடுமா? போராட்டம் உண்டு. அதையும் நான் ஆசையோடுதான் சொல்வேன், ஏனென்றால் அந்தப் போராட்டத்தில் இறங்கின பிறகுதான் செடியை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொண்டேன். முதலில் இளம் இலை மஞ்சளானது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் வெளுப்பு. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு ஏறினது. அதை ஊற்றுகிற மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நர்சரி அண்ணன் "அன்னபேதி அடிங்க சார்" என்றார், அதாவது இரும்பு உப்பு. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதியைக் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளித்தேன். கொஞ்ச நாளில் புதுத் தளிர் பச்சையாக வந்ததைப் பார்க்க வேண்டுமே! அடுத்து, வெயில் முற்றின நேரத்தில் சிவப்புச் சிலந்திப்பேன். இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் செம்புள்ளிகள், மெல்லிய நூலாம்படை, இலை மேல்புறத்தில் வெளிர்ப் புள்ளி. வறட்சியும் சூடும் அதற்குக் கொண்டாட்டம். குழாயைப் பிடித்து இலையின் அடிப்பக்கம் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடி அடியென்று அடித்தேன். முழங்கால் வரை நனைந்து, சட்டையெல்லாம் சேறு, அந்த உச்சி வெயில் காலத்தில் அதைவிடச் சுகமான வேலை ஒன்று உண்டா சொல்லுங்கள்!

பிறகு வந்தான் மொட்டுப்புழு. இவன்தான் நிஜமான வில்லன். மொக்கில் ஓட்டை போட்டு உள்ளே புகுந்து தின்பான், பக்கத்து மொக்கையும் நூலால் சேர்த்துப் பின்னி அதற்குள்ளும் போவான். இன்னொரு ஈ இருக்கிறது, கொசுவைவிடச் சின்னது. அது முட்டை வைத்துவிட்டால் புழு மொக்கின் அடிப்பகுதியில் நுழையும், வெள்ளையாக வர வேண்டிய மொக்கு ஊதா கலந்து தடித்துப்போய் விரியாமலே காய்ந்துவிடும். ராத்திரி டார்ச் அடித்து ஒவ்வொரு கொத்தாக நான் பார்ப்பதைக் கண்டு பக்கத்து மாடி அக்கா, "என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லக்கா, ஒருத்தனைத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன். கெட்ட மொக்கை ஒன்றுவிடாமல் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு ஐம்பது கிராம் கணக்கில் இடித்து ராத்திரி ஊற வைத்து, காலையில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளித்தேன். அந்த ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும் என்று தெரிந்ததும் தொட்டி மண்ணைக் கிளறி வேப்பம்பிண்ணாக்கைக் கலந்துவிட்டேன். எதிரியின் வீட்டுக்கே போய்விட்டேன் பார்த்தீர்களா! அடுத்த சுற்று மொக்கு அப்பழுக்கில்லாமல் வந்தது. ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கலாம் என்று தோன்றியது எனக்கு.

மற்ற பூக்களையும் சொல்லிவிடுகிறேன். ரோஜாவைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். குளிர்ந்த ஊரில் வளர்த்த ஒட்டு ரோஜாவை எங்கேயோ ஒரு கடையில் வாங்கினேன், ஒரு கை அகலத்துக்குப் பூ இருந்தது, மதுரை வெயிலைப் பார்த்ததும் நுனி கருகிக்கொண்டே வந்து அடிவரைக்கும் போய்விட்டது. போகட்டும்! பன்னீர் ரோஜா இருக்கிறாளே, அவள் போதும். பூ சின்னதுதான், ஒரு பகல் வெயிலில் இதழ் கொட்டிவிடும்தான், ஆனால் அந்த வாசனை, அந்த இளஞ்சிவப்பு! செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது, எறும்பும் வந்தது. மாவுப்பூச்சி கசிகிற இனிப்பைக் குடிக்க எறும்பே அதைக் காவல் காக்கும், ஆகவே எறும்பை விரட்டினால் பாதி வேலை முடிந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளை கிளையாகத் தேய்த்துக் கழுவினேன். இப்போது தினம் ஒரு செக்கச் சிவந்த பூ, ஒரே ஒரு பகல் ஆயுசு, மறுநாள் இன்னொன்று.

காகிதப்பூவுக்கு வருவோம்! இவளைப் பட்டினி போட வேண்டும். ஆமாம், மற்றவர்களுக்கெல்லாம் தண்ணீர், இவளுக்கு மட்டும் மண் காய்ந்து இலை லேசாகத் தொங்குகிற வரைக்கும் கிடையாது. அப்படி ஒரு சுற்று வாட விட்டால், அடேயப்பா, ராணிக் கலர் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த நிறத்தில் சுவரே தெரியாமல் வெடித்துக் கொட்டுகிறாள். நிறமாகத் தெரிவது இதழே அல்ல, இலையின் மாற்று உருவம். நிஜப் பூ அதற்குள்ளே சின்னதாக வெள்ளைக் குழலாக நிற்கும், குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பாருங்கள், இன்றைக்கே பாருங்கள்! 1766-ல் பிரான்சிலிருந்து பூகன்வில் என்கிற கப்பல் தலைவர் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார், அவரோடு போன தாவர அறிஞர் கொமெர்சோன் பிரேசிலில் இந்தக் கொடியைச் சேகரித்து, தலைவர் பெயரையே வைத்தார். அந்தக் கொமெர்சோனின் உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலில் இருந்தவர் ழான் பரே என்ற பெண். செடி சேகரிக்கப் போய், உலகத்தையே சுற்றி வந்த முதல் பெண் என்ற பெயரை வாங்கிவிட்டார்! என் மாடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறவளுக்குப் பின்னால் இப்படி ஒரு கடல் பயணம் இருக்கிறது என்று படித்த அன்றைக்கு, சாப்பாட்டு மேசையில் இதைத் தவிர நான் வேறு எதையும் பேசவில்லை.

கோடை மழை! ஐயோ, அதைச் சொல்லாமல் எப்படி விடுவேன்? தொட்டி விளிம்பில் புல் மாதிரி கிடக்கிற ரெயின் லில்லியை யாரும் மதிக்க மாட்டார்கள். வெங்காயத்தாள் என்று நினைத்துச் சொந்தக்காரர் ஒருவர் பிடுங்கப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன். குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அசையவில்லை. அப்புறம் ஒருநாள், சித்திரை நடுவில், காலையிலிருந்து காற்றே இல்லாமல் புழுங்கித் தள்ளி, நாலு மணிக்கு வடமேற்கில் கருப்புக் கட்டி, தகரக் கூரை படபடக்க ஒரு சூறைக் காற்று, இடி, அப்புறம் பெரிய பெரிய துளியாகச் சடசடவென்று மழை. துணி எடுக்க ஓடினவன் துணியை மறந்துவிட்டு அங்கேயே நனைந்துகொண்டு நின்றேன், தொட்டியெல்லாம் மூச்சு விடுகிறது, வேப்பமரத்துத் தூசி கழுவி இறங்குகிறது, மண் வாசம் தலைக்கு ஏறுகிறது. அதற்குப் பிறகு சில நாள் கழித்து ஒரு காலையில் மாடிக் கதவைத் திறக்கிறேன், புல் கிடந்த இடத்தில் புல்லே இல்லை, ரோஸ் நிறத்தில் பூ, பூ, பூ, தொட்டி முழுக்க ஒரே நேரத்தில், எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று சொல்லி வைத்துக்கொண்டு எழுந்தவர்களாக நிற்கின்றன. அங்கே இருந்தபடியே அக்காவைக் கூப்பிட்டேன், எதிர் வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டேன், பால்காரத் தம்பியைக் கூட மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்! "அண்ணே, நேத்துக்கூட இங்க புல்லுதானே இருந்துச்சு?" என்று அவர் வாயைப் பிளந்தாரே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுபடி என் மல்லிகைக்கே வருகிறேன், என்ன செய்வது, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறேன். சித்திரை பாதியில் அவள் அடங்குவதே இல்லை. அம்மாவுக்கு முன்னால் சுளகு நிறைய மொக்கு, பக்கத்தில் தண்ணீரில் நனைத்த வாழைநார். இரண்டு மொக்கு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு, கண் டி.வி.யில் இருக்கும், கை தானாக ஓடும், பேசிக்கொண்டே இருக்கும்போது மடியில் பந்து வளர்ந்துவிடும். மகள் பின்னலுக்கு, வீட்டுக்காரி கொண்டைக்கு, சாமி படத்துக்கு, அப்புறமும் மிச்சம். மண்பானைத் தண்ணீரில் நாலு பூ போட்டு மூடி வைத்தால் அரை மணி நேரத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் எவராக இருந்தாலும் இரண்டாவது டம்ளர் கேட்பார். மீனாட்சி கல்யாணத்தன்று தெருவில் பெண்களெல்லாம் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற காலையில், எங்கள் வீட்டுப் பூ எத்தனை வீட்டுத் தலையில் இருந்தது தெரியுமா? அழகர் ஆற்றில் இறங்குகிற சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி, அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளத்துக்குக் கிளம்பும்போது ஒரு முழம் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அத்தனை லட்சம் ஜனத்துக்கு நடுவில், வியர்வையும் சூடமும் பந்தத்துப் புகையும் கலந்த அந்தக் காற்றில், என் மாடிப் பூவின் வாசம் எனக்குத் தனியாகத் தெரிந்தது! நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் சத்தியமாகத் தெரிந்தது!

இந்தப் பூவுக்கு என்னைவிடப் பெரிய பக்தர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம். பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர் இதே செடிதான், 1934-லேயே அறிவித்துவிட்டார்கள். இந்தோனேசியாவின் தேசிய மலர்களிலும் இவள் ஒருத்தி. சீனாவில் ஃபூச்சோ நகரத்தில் மல்லிகைத் தேநீர் செய்கிறவர்கள், பகலில் பறித்த மொக்கைத் தேயிலையோடு கலந்து ராத்திரி முழுக்க விட்டு வைக்கிறார்கள், விரிகிற பூ விடுகிற வாசத்தைத் தேயிலை குடித்துக்கொள்கிறது, காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டுப் புது மொக்கோடு மறுபடியும் கலக்கிறார்கள். நான் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ட அதே மாலை நேர அதிசயத்தை நம்பி ஒரு ஊரே தொழில் நடத்துகிறது, யோசித்துப் பாருங்கள்!

ஆகவே வெயிலைத் திட்டாமல் வேலையைப் பாருங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள், ஒரு பெரிய பை வைக்க இடம் போதும். தண்ணீர் தினமும் காலையில், மண் ஈரம் பார்த்து, தேங்காமல். மாதம் ஒரு தடவை இரண்டு கை மண்புழு உரம். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு முப்பது மில்லி கலந்து தெளியுங்கள், இலை பளபளக்கும். பூ ஓய்ந்த கிளை நுனியை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும், அதில் மறுபடி மொக்கு வரும், சும்மா விட மாட்டாள். கன்றுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். ஆனி ஆடியில் கீழ்க்கிளைகளை வளைத்து, நடுவில் தோலை லேசாகக் கீறி, பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்து மேலே கல் வைத்துப் பதியன் போடப் போகிறேன். வேர் பிடிக்க மூன்று நாலு மாதம் ஆகும். பக்கத்து மாடி அக்காவுக்கு ஒன்று, எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு ஒன்று, பால்காரத் தம்பி இரண்டு கேட்டிருக்கிறார், அவருக்கு இரண்டு. மிச்சமெல்லாம் கேட்கிறவர்களுக்குத்தான். ஐப்பசி கார்த்திகையில் வாருங்கள், வெட்டித் தருகிறேன், கவாத்து எப்படிச் செய்வது என்று அம்மாவே பக்கத்தில் நின்று காட்டுவார். பை மட்டும் பெரியதாகக் கொண்டு வாருங்கள்!